சுவர் பார்த்த படம்

விருதுச் செய்தியை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவள் எதிர்வீட்டு நர்ஸ். ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது, பக்கத்து சீட்டுக்காரர் விரித்துப் பிடித்திருந்த பேப்பரில் சின்னவளின் முகத்தைப் பார்த்திருக்கிறாள். யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல் நேராக இங்கே வந்துவிட்டாள்.

"அந்தப் பக்கத்த மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்தேன். குறுக்கெழுத்து அதுலதான் இருக்குன்னு ஒரு முறை முறைச்சான். பொண்ணு பேப்பர்ல வந்திருக்கா, நீங்க என்னடான்னா முட்டை அவிச்சுக்கிட்டிருக்கீங்க."

அடுப்பு முன் நின்ற அம்மா திரும்பினாள். "எந்தப் பொண்ணு?"

"சின்னவ."

அம்மாவின் கேள்வியில் தப்பில்லை. அந்த வீட்டில் இரண்டு பெண்கள், இருவருமே எண்ணெய் வண்ணத்தில் படம் போடுகிறவர்கள். பெரியவளுக்கு இருபத்தைந்து, சின்னவளுக்கு இருபத்திரண்டு. விருதுக்கான போட்டியோ இருபத்தைந்து வயது வரைதான். ஆனாலும் அந்தக் கேள்வி சமையலறையில் ஒரு கணம் தங்கி நின்றது. வாயில் பிரஷ்ஷோடு குழாயடியில் நின்ற சின்னவள் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

நர்ஸ் மருந்துச் சீட்டை வாசிக்கிற வேகத்தில் வாசித்தாள். முதல் விருது. பதக்கம். கலைக்கூடத்தின் மேல்மாடியில் வடக்கு ஜன்னல் வைத்த அறை ஒரு வருஷத்துக்கு. பிறகு நடுவர்கள் சொன்னது: "வேலை முடிந்து வந்த தாய் தொட்டி நீரில் கால் வைத்து அமர்ந்திருக்கும் இப்படத்தில், பின்னாலிருந்து இறங்கும் வெளிச்சம் இளம் கையில் காண அரிதான முதிர்ச்சியுடன் தீட்டப்பட்டுள்ளது."

"முதிர்ச்சியாம்! முந்தாநாள் வரைக்கும் ஊசின்னா ஓடி ஒளிஞ்ச கழுதை."

பெரியவள் சிரித்துக்கொண்டே வந்து தங்கையைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "துப்பிட்டு வாடி. நுரையோட விருது வாங்கப் போறியா?"

அப்பா வாசலில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை. பிறகு எழுந்து, டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "நேரமாச்சு" என்று சொல்லிப் போய்விட்டார். மரக்கடை திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

"சந்தோஷத்துல ஆளு தடுமாறிட்டாரு" என்றாள் நர்ஸ். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படம் போடுவது அந்த வீட்டில் நான்கு பேரும் சேர்ந்து செய்கிற வேலை. அப்பா மரக்கடையில் ஜன்னல், கதவுச் சட்டம் இழைக்கிறவர். எதை அளந்தாலும் அரை இன்ச் கூட வைத்துத்தான் அறுப்பார், பிறகு இழைத்துச் சரிசெய்வார். அதனால் கடையில் அவருக்கு 'அரை இன்ச்' என்று பெயர். மீந்த மரத்தில் துணி இழுத்துக் கட்டும் சட்டங்களை மகள்களுக்குச் செய்து தருவார். அம்மா லாரி மூடும் துணியும் கூடாரத் துணியும் தைக்கிற கொட்டகையில் மெஷின் ஓட்டுகிறாள். பெரிய ஆர்டர் வெட்டும்போது விழும் ஓரத்துணியை மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுச் சுருட்டிக்கொண்டு வருவாள். துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பது பெரியவள். விலங்குத் தோல் பசை காய்ச்சித் தடவி, காயவிட்டு, வெள்ளை பூசி, உப்புத்தாளால் தேய்ப்பது சின்னவள். பசை காய்ச்சும் நாளில் தெருவே மூக்கைப் பொத்தும். "இன்னிக்கு என்ன, குதிரைக் குளம்பு குழம்பா?" என்று எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து நர்ஸின் குரல் வரும்.

சின்னத் துணி எப்போதும் கிடைக்கும். போட்டி கேட்கிற அளவு, இரு கையையும் விரித்தால் எட்டுகிற அகலம், வருஷத்தில் மூன்றோ நான்கோதான் விழும். அதனால் சரிவராத படத்தைச் சுரண்டித் தேய்த்து, அதே துணியில் மறுபடி போடுவது அவர்கள் பழக்கம். அதற்கு அக்காவும் தங்கையும் பள்ளிக்கூட நாளிலேயே ஒரு விதி வைத்திருந்தார்கள். வேண்டாம் என்று முடிவுசெய்த படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். சுவரைப் பார்த்த படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. ஏன் வேண்டாம் என்றும் கேட்கக் கூடாது. பெரியவள்தான் அதிகம் திருப்புவாள். போட்டு முடித்த மறுநாளே திருப்பிய படங்கள் அந்த வருஷத்தில் மட்டும் மூன்று.

நான்காவது படம், அம்மா வேலை செய்யும் கொட்டகை. தரை முழுக்க விரிந்து கிடக்கிற துணி, அதன் ஓரத்தில் மெஷின்களும் குனிந்த பெண்களும், கூரையில் ஒரு தகடு மாற்றப்பட்ட இடத்திலிருந்து துணிமேல் விழுகிற பச்சை கலந்த வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்காகவே பெரியவள் ஏழு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் கொட்டகைக்குப் போய் நின்றிருந்தாள். போட்டு முடித்த மறுநாள், வேறு ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் வார்டுச் சுவருக்குப் படம் வரைய மூன்று வாரம் கிளம்பிப்போனாள். படத்தைச் சுவரில் முதுகு சாய்த்து, முகம் அறையைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் போனாள். போட்டிக்கென்று வாய்விட்டுச் சொல்லவில்லை. காயாத படத்தைப் பற்றிப் பேசுவது அவளுக்குப் பிடிக்காது. திரும்பி வந்து, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு அதைக் கொடுப்பதாக இருந்தாள்.

அவள் போன எட்டாம் நாள் அப்பா மகள்கள் படம் போடுகிற அறையின் ஜன்னலை இழைக்க எடுத்தார். மழைக்காலம் அது. ஜன்னல் ஊதிப்போய் மூட வரவில்லை. மரத்தூள் பறந்து ஈரப் பெயின்டில் ஒட்டிவிடுமே என்று படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்தார். வேலை முடிந்ததும் தூளைப் பெருக்கினார், உளி சுத்தியலை எடுத்துவைத்தார். படத்தைத் திருப்ப மறந்தார். மகள்களின் விதி அவருக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்துச் சின்னவள் அந்த அறையில் தன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் போட்டிக்குப் போட்ட படம் செத்துவிட்டிருந்தது. திருத்தத் திருத்தச் சேறாகி, எந்த நிறமும் எந்த நிறமாகவும் இல்லை. கடைசித் தேதிக்குப் பதிமூன்று நாள். அவளுடைய துணியும் சுரண்டிச் சுரண்டி மெலிந்து ஓர் இடத்தில் கிழிந்திருந்தது. அடுத்த பெரிய துணி மாசக் கடைசியில்தான் விழும் என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்போதுதான் சுவரைப் பார்த்து நிற்கிற சட்டத்தைக் கண்டாள்.

அக்கா கிளம்பிய அன்று படம் எப்படி இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. போனவள் எப்படித் திருப்பியிருக்க முடியும் என்ற கேள்வியும் வந்தது. கிளம்பும்போது கடைசி நிமிஷத்தில் திருப்பியிருப்பாள், அவள் குணம் அப்படித்தானே என்று பதில் சொல்லிக்கொண்டாள். போனை எடுத்தாள். அக்காவின் எண்ணை அழுத்தி, ஒரு மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். கேட்டால் அக்கா வேண்டாம் என்பாள். விதிப்படி கேட்க வேண்டியதும் இல்லை.

கத்தியை வைத்தபோது பெயின்ட் சொல்லிவிட்டது. அவர்கள் சுரண்டும் படமெல்லாம் மாசக்கணக்கில் கிடந்து இறுகியிருக்கும், பிளேடு போட்டால் செதிலாக உதிரும். இது உதிரவில்லை. மேலே பாலாடை மாதிரி ஒரு தோல், அதன் கீழே ஈரம். வழித்த பெயின்ட் சுருண்டு கத்தியில் ஒட்டியது. பெயின்டில் கலந்த ஆளி எண்ணெயின் வாசனை பச்சையாக வந்தது. மழைக்காலம், ஈரக்காற்று, எதுவும் காய மாட்டேன் என்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் மெஷின்களை வழித்தாள். குனிந்த பெண்களை வழித்தாள். அம்மாவையும் வழித்தாள். இடது மேல் மூலையில் வெளிச்சம் இருந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அதை அப்படியே விட்டு, படத்தில் இருந்த துணியின் மடிப்புகளை மட்டும் டர்ப்பன்டைன் தோய்த்த துணியால் துடைத்து, அது ஒரு சுவர் என்று ஆக்கினாள். அதன் முன்னால் தொட்டியில் கால் வைத்து உட்கார்ந்திருக்கிற அம்மாவைப் பத்து நாளில் போட்டு முடித்தாள். சுரண்டல்களை வழக்கமாகக் கதவோரத் தகரடப்பாவில் போடுவார்கள். சுரண்டிய அன்று அவள் அவற்றைப் பேப்பரில் பொட்டலம் கட்டி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள்.

பெரியவள் ஊரிலிருந்து வந்து பையை இறக்கியதும் முதலில் அறைக்குத்தான் போனாள். தங்கையின் படம் பாதி காய்ந்து நின்றது. இடது மூலையைப் பார்த்தாள்.

"சுவரைப் பாத்து இருந்துச்சுக்கா. எடுத்துக்கிட்டேன்."

"நான் திருப்பலையே."

அப்பா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். "ஐயோ, நான்தாம்மா. தூசி படக் கூடாதுன்னு நான்தான் திருப்பினேன். ஏன், திருப்பக் கூடாதா?"

சின்னவள் விதியைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியவள் அப்பாவைக் கைபிடித்து எழுப்பினாள்.

"விடுங்கப்பா. தெரியாமதானே செஞ்சீங்க."

'செஞ்சீங்க' என்று அவரிடம்தான் சொன்னாள். தங்கை பக்கம் திரும்பவில்லை. அந்த வருஷம் பெரியவள் போட்டிக்கு ஒன்றும் அனுப்பவில்லை. அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். அந்த வெளிச்சம் யாருடையது என்பதை ஒன்றரை மாசத்தில் யாரும் வாயால் சொன்னதில்லை. இப்போது அது தங்கையின் பேரில் பேப்பரில் அச்சாகி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் போட்டிப் படங்களின் கண்காட்சிக்குப் போனார்கள். நகராட்சியின் பழைய தானியக் கிடங்கை வெள்ளையடித்துக் கூடமாக்கியிருந்தார்கள். அம்மா தன் படத்தின் முன் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் காலு இவ்ளோ வீங்கியா இருக்கு?"

"சாயந்தரம் அப்படித்தாம்மா இருக்கும். நீ பாக்கறதில்ல" என்றாள் பெரியவள்.

"இத்தன பேர் பாக்கற இடத்துல கொஞ்சம் கொறச்சுப் போட்டிருக்கலாம்ல. நகத்தையாவது வெட்டிட்டு உக்காந்திருப்பேன்."

கண்ணாடி போட்ட ஒருவர் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று இடது மூலையைப் பார்த்துவிட்டு, கூட வந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையசைத்துப் போனார். அப்பா படத்தைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் நின்று, சட்டத்தின் பின்னால் கட்டைவிரலை விட்டு, மூலையில் ஆப்பு இறுகியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். காவலாளி வந்து, "பெரியவரே, தொடாதீங்க" என்றான்.

"நான் செஞ்சதுதாம்பா."

"படமா?"

"மரம்."

கலைக்கூடத்தின் பொறுப்பு அலுவலர் மாலைக் கூட்டத்துக்கு நடுவே அவர்களைத் தேடி வந்தார். கைகுலுக்கினார். "எல்லாரும் அந்த வெளிச்சத்தப் பத்தியேதான் கேக்கறாங்க. எப்படிம்மா போட்டீங்க?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா பக்கத்துப் படத்தின் அட்டையை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நான் போடல சார். அடியில இருந்தத அப்படியே விட்டுட்டேன்."

"பாத்தீங்களா?" என்று அவர் அம்மாவிடம் திரும்பினார். "பெரிய ஆளுங்கல்லாம் இப்படித்தான் பேசுவாங்க. இந்த வயசுல இந்த அடக்கம்! கண்காட்சி முடியற அன்னிக்கு வந்து அறைச் சாவிய வாங்கிக்கங்கம்மா."

வெளியே வரும்போது அப்பா பெரியவளோடு பின்தங்கி நடந்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். கிடங்கின் உயரமான சுவர் அதை முன்னால் நடந்த சின்னவளிடம் கொண்டுவந்து சேர்த்தது.

"அந்த மாதிரி இன்னொன்னு போட முடியாதாம்மா?"

"போடலாம்ப்பா."

"அதே மாதிரி?"

"அதே மாதிரி வராது. வேற மாதிரி வரும்."

"என் கை சும்மா இருந்திருக்கலாம்."

"விடுங்கப்பா, எத்தன தடவ சொல்றது."

மறுநாளிலிருந்து அப்பா மதிய இடைவேளையில் சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டு சட்டம் செய்ய ஆரம்பித்தார். தினம் மாலை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். எல்லாம் போட்டி அளவு. மூலைக்கு மூலை பிசிறில்லாமல், எந்தக் கடையில் கொடுத்தும் வாங்க முடியாத இணைப்பு. பெரியவளிடம் நேரே கொடுக்க மாட்டார். அறை வாசலில் சாய்த்துவைத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே வருவதையே விட்டுவிட்டார். ஒரு தடவை மின்விசிறியைப் பார்க்கக் கூப்பிட்டபோது, வாசலில் நின்றபடி, "உள்ள எதையும் நகத்த வேண்டியதில்லையே?" என்று கேட்டுக்கொண்டுதான் காலை எடுத்து வைத்தார்.

அம்மா மூன்றாம் சட்டத்திலேயே சத்தம் போட்டாள். "என்னங்க, இத்தன சட்டத்துக்கு நான் துணிக்கு எங்க போவேன்? லாரியவே உரிச்சுக்கிட்டு வரவா?"

"இருக்கட்டும். கிடைக்கறப்ப கட்டிக்கலாம்."

"மரக்கடையில ஒண்ணும் சொல்லலையா?"

"ரம்பக்காரன் கேட்டான். 'என்ன அரை இன்ச், பொண்ணு விருது வாங்கினதும் ஒரு இன்ச் ஆயிட்டீங்களா'ன்னு." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார்.

சின்னவள் அந்தச் சட்டங்களைத் தாண்டித்தான் அறைக்குள் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் ஒன்று கூடிக்கொண்டு வந்தது. பெரியவள் அவளிடம் எப்போதும்போலவே பேசினாள். டியூபின் மூடியைக் கேட்டாள், குளிக்க முந்திக்கொண்டதற்குத் திட்டினாள். விருதைப் பற்றிக் கேட்டவர்களிடம் பெருமையாகச் சொன்னாள். ஆனால் தூரிகையைத் தொடவில்லை. கையில் வேலை இல்லாத மாலைகளில் அம்மாவின் பழைய மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டாள். அப்பாவே பார்த்தவரிடமெல்லாம் சொன்னதில், அவர் செய்த தப்பை மன்னித்துவிட்ட பெண் என்று தெருவில் அவளுக்குப் பெயர். நர்ஸ் ஒருநாள் வெளிப்படையாகவே சொன்னாள்: "உங்க அப்பா முகத்தப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு. நல்ல மனுஷன், ஒரு கை மறதியில இப்படி நொந்துக்கறாரே." சின்னவள் வேறு பேச்சு எடுத்தாள்.

ஆறாம் நாள் அப்பா கட்டைவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். இழைப்புளி சறுக்கி நகத்தோடு சீவிவிட்டதாம். முப்பது வருஷத்தில் அவருக்கு அப்படி ஆனதில்லை. நர்ஸ் வந்து கட்டுப் போட்டுவிட்டு, "பசியில மரத்துல கை வெச்சா இப்படித்தான். இனிமே சாப்பிட்டுட்டு வேலை செய்யுங்க" என்று அதட்டிவிட்டுப் போனாள். நால்வரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். ரொட்டியும் பருப்பும். அப்பாவால் வலது கையால் ரொட்டியைப் பிய்க்க முடியவில்லை. பெரியவள் பிய்த்துத் தட்டில் போட்டாள்.

"உனக்கு நான் பண்ணதுக்கு எனக்கு நீ பண்றியா?" என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

சின்னவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா, பெயின்ட் ஈரமா இருந்துச்சு."

"எந்தப் பெயின்ட்?"

"அக்கா படத்துல. நான் சுரண்டும்போது. வேண்டாம்னு வெச்ச படம் ஈரமா இருக்காதுப்பா. கத்திய வெச்ச உடனே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. அது வேண்டாத படம் இல்லன்னு தெரிஞ்சுதான் சுரண்டினேன்."

அப்பாவுக்கு அது உள்ளே போகக் கொஞ்ச நேரமானது. பெரியவளைப் பார்த்தார், அவள் ஏதாவது விளக்குவாள் என்பதுபோல. பெரியவள் பருப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?" என்றாள் அம்மா.

"போட்டவளுக்கு எப்ப போட்டோம்னு தெரியாதாம்மா? பத்து நாள் ஆன படம். இந்த மழையில அது எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியாதா? அவளா சொல்லட்டும்னு இருந்தேன்."

அப்பா ஒரு மகளிடமிருந்து இன்னொரு மகளிடம் பார்வையை நகர்த்தினார். "ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றார். "ஒண்ணரை மாசத்துக்கு மேல ரெண்டு பேருக்கும் தெரியும். நான் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கேன்."

"அப்பா..." பெரியவளின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "உங்ககிட்ட விடுங்கன்னு சொன்னேன்லப்பா."

"விடுங்கன்னுதாம்மா சொன்ன. உங்க மேல தப்பில்லன்னு சொல்லல."

அம்மா எழுந்து குழாயைத் திறந்து, எதையும் கழுவாமல் மூடினாள்.

"போனும் பண்ணேன்க்கா" என்றாள் சின்னவள். ஆரம்பித்தபிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "உன் நம்பர அடிச்சு, மணி போறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். கேட்டா நீ மாட்டேன்னு சொல்லுவியேன்னு."

இது பெரியவளுக்குத் தெரியாதது. அவள் நிமிர்ந்தாள். "கட் பண்ணியா?"

"ஆமா."

"சரி. எல்லாத்தையும் சுரண்டினவ அந்த மூலைய மட்டும் ஏன் விட்ட?"

சின்னவள் இதற்கும் ஏதோ பதில் தயார் செய்திருந்தாள். விருதுக் கூட்டத்தில் பேசச் சொன்னால் சொல்வதற்காக, அடிப்படம், மேல்படம் என்று நல்ல வார்த்தைகளில். அது வாயில் வரவில்லை.

"எனக்கு அது வராதுக்கா. நாலு வருஷமா முயற்சி பண்ணிட்டேன். எனக்கு வரல. அதான்."

பெரியவள் பேசியபோது கோபம் இருந்த மாதிரியே தெரியவில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனா மாட்டேனான்னு இப்ப எனக்கே தெரியல. உனக்கு நாள் இல்ல, துணி இல்லன்னு சொல்லியிருந்தா, ஒருவேளை எடுத்துக்கடின்னுகூட சொல்லியிருப்பேன். சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. நான் எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் இருந்துச்சு. படத்தோட சேத்து அதையும் நீ எடுத்துக்கிட்ட."

அவள் எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். அப்பாவின் தட்டையும் எடுத்து, மீதி ரொட்டியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் போனாள். அப்பா அந்த ரொட்டியை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலை கூடம் திறக்கும்போதே சின்னவள் அங்கே இருந்தாள். கையில் ஒரு பக்கக் கடிதம். பொறுப்பு அலுவலர் நின்றபடியே படித்தார், உட்கார்ந்து மறுபடி படித்தார்.

"வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்க வேண்டியதும்மா இது."

"பேசியாச்சு சார்."

"உங்க அக்கா புகார் குடுத்திருக்காங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? அவங்களே சும்மா இருக்கறப்ப..."

"முழுக்க ஒரே கையால போட்டதுன்னு விண்ணப்பத்துல கையெழுத்து போட்டேன் சார். அது பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு அவள்மேல் எரிச்சல் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. நடுவர்களுக்கு அவர் எழுத வேண்டும், பேப்பருக்கு எழுத வேண்டும், மேல்மாடி அறையை வேறு யாருக்காவது கொடுக்க வேண்டும். "விருது ரத்தானா படம் சுவர்ல இருக்கக் கூடாது. இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுங்க. அறை விஷயத்த மறந்துடுங்க. அடுத்த வருஷமும் உங்க விண்ணப்பத்த எடுத்துப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது."

"சரி சார்."

காவலாளி படத்தை இறக்கிக் கயிறு கட்டிக் கொடுத்தான். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றவில்லை. "கதவையே கழட்டிக்கிட்டு வந்தா எப்படிம்மா?" என்றான். நடந்தாள். மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. இரு கையும் விரித்தால்தான் பிடிக்க முடிகிற அகலம், முகத்தை முழுக்க மறைத்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் துணி உப்பி அவளைப் பின்னால் தள்ளியது. நாலு தடவை கீழே வைத்துக் கை மாற்றினாள். பாலத்தில் ஒருவர், "ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றாள். வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது தோள் இரண்டும் மரத்துப்போயிருந்தன.

படியேறிக் கதவைக் காலால் தட்டினாள். திறந்தது பெரியவள். கையில் சுத்தியல், வாயோரத்தில் இரண்டு ஆணி. பின்னால், அப்பா செய்த சட்டங்களில் ஒன்றில் துணி பாதி இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அவள் தங்கையைப் பார்த்தாள், கயிறு கட்டிய படத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் கதவை முழுக்கத் திறந்து ஒதுங்கி நின்றாள்.

சின்னவள் படத்தை நேராக உள்ளே தள்ளினாள். கதவு நிலையில் இடித்தது. மறுபடி தள்ளினாள். மறுபடி இடித்தது.

பெரியவள் வாயிலிருந்து ஆணிகளை எடுத்தாள்.

"சாய்ச்சுப் பிடி. மூலை இடிக்குது பாரு."

"எந்த மூலை?"

"மேல, இடது பக்கம். நான் போட்ட எடம்."

சின்னவள் அந்த மூலையைத் தன் பக்கமாகச் சாய்த்து, முழங்கை நிலையில் உரச, மெதுவாக உள்ளே கொண்டுவந்தாள்.